காணி பேசும்போது விலை மட்டும்தானா?

காணி, கட்டடத்தில் பணம் போட வரும் நம்மவர்கள் பேசுவதற்கு உட்கார்ந்தால் பேர்ச் விலையைப் பிடித்த பிடி விடுவதில்லை. "நானா, பேர்ச்சுக்கு ஐம்பதாயிரம் குறைங்க" என்பார் ஒருவர். "வாப்பா காலத்துக் காணி, குறைக்க ஏலாது" என்பார் மற்றவர். மூன்றாம் நாள் தரகர் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்.

புறக்கோட்டையில் சரக்கு எடுக்கும்போது நாம் இப்படியா பேசுகிறோம்? விலை இறங்காவிட்டால் தவணை கேட்கிறோம், ஏற்றுக்கூலியைக் கேட்கிறோம். காணிக்கும் அந்தப் பேச்சுத்தான்.

காணியைத் துண்டு போட்டு விற்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு விலை குறைத்தால் மீதித் துண்டுகளையும் ஊர் அதே விலைக்குக் கேட்கும். ஆகவே அதில் அவர் அசையமாட்டார். ஆனால் உறுதிச் செலவில் அசைவார். மேல் மாகாணத்தில் முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாய்க் காணிக்கு 399,000 ரூபாய். இது வாங்குபவர் தலையில்தான் விழும். பாதியை அவர் ஏற்றுக்கொண்டால் பேர்ச் விலை அப்படியே நிற்கும், உங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு இலட்சம் மிச்சம்.

வாங்குபவரும் சலுகை கொடுக்கலாம். அதற்கு விற்பவரின் தேவை என்னவென்று முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தெஹிவளையில் ஒரு வீடு விலைப்பட்டபோது நான் நடுவில் நின்று பேசினேன். இருவர் கேட்டார்கள். நான்கு இலட்சம் கூடக் கேட்டவருக்கு உறுதி எழுதும் அன்றே திறப்பு வேண்டும். குறைத்துக் கேட்டவரோ, "பேத்தியின் சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை இருங்க உம்மா, வாடகை வேணாம்" என்றார். வீட்டுக்கார அம்மா அவருக்கே கொடுத்தார்.

இப்படியான பேச்சுக்களை வாயோடு விட்டுவிடுவதுதான் ஆபத்து. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பதற்கான உடன்படிக்கை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. துண்டுக் கடதாசியில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்கி அட்வான்ஸ் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்! எத்தனை மாதம் இருப்பார்கள், லைட் பில், தண்ணீர் பில் யாருக்கு, சொன்ன திகதியில் எழும்பாவிட்டால் நாளொன்றுக்கு எவ்வளவு என்பதெல்லாம் உடன்படிக்கையில் வரவேண்டும். தெஹிவளை வீட்டுக்கும் அப்படித்தான் எழுதினோம். இரு தரப்பும் நல்ல மனிதர்கள், ஆனாலும் எழுதினோம்.

இன்னொரு 'சலுகை'யும் சிலர் நீட்டுவார்கள். "உறுதியில விலையைக் குறைச்சுப் போடுவோம், உங்களுக்கு முத்திரை வரி மிச்சம்" என்பார்கள். இது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். 2018 ஏப்ரலில் மூலதன இலாப வரி திரும்பவும் வந்தது. நாளை நீங்கள் விற்கும்போது, உறுதியிலுள்ள குறைந்த விலையை வைத்தே உங்கள் இலாபத்தைக் கணக்குப் பார்ப்பார்கள். உண்மையில் வராத இலாபத்துக்கும் வரி கட்ட நேரும். இப்படிப் பேசுகிறவரின் காணியென்றால், அட்வான்சில் கை வைக்கு முன்னர் காணிப் பதிவகத்தில் முப்பது வருட வரலாற்றை இரண்டு தரம் தேடிப் பார்க்கச் சொல்லுவேன்.