எஃப்எஸ்டேப் காணாமல் போனால் ரீபூட் வேண்டாம்

லினக்ஸ் சர்வரில் எந்த டிஸ்க் எந்த அடைவில் மவுன்ட் ஆக வேண்டும் என்பதை 'எஃப்எஸ்டேப்' என்ற சிறிய கோப்பு சொல்கிறது. ஒரு பார்ட்டிஷனுக்கு ஒரு வரி, வரிக்கு 6 புலங்கள். புது டிஸ்க் ஒன்றைச் சேர்க்கும் அவசரத்தில், இரட்டை அம்புக்குறி போட வேண்டிய இடத்தில் ஒற்றை அம்புக்குறி விழுந்தால் பழைய வரிகள் அத்தனையும் போய்விடும்.

டிஸ்கில் உள்ள தரவுக்கு இதனால் சேதமில்லை. ஏற்கெனவே மவுன்ட் ஆனவை அப்படியே இருக்கும். ஆபத்து அடுத்த பூட்டில்தான். பதற்றத்தில் ரீபூட் செய்தால், மீட்க உதவும் தடயங்களில் பாதி அந்த நொடியே அழிந்துவிடும்.

முதல் தடயம் கர்னலிடம் இருக்கிறது. 'ப்ராக்' அடைவிலுள்ள 'மவுன்ட்ஸ்' கோப்பு இப்போது மவுன்ட் ஆகியிருப்பவற்றைக் காட்டும். ஸ்வாப் விவரம் 'ஸ்வாப்ஸ்' கோப்பில். ஆனால் தானாக மவுன்ட் ஆகாதபடி எழுதியிருந்த வரிகள் இதில் வராது. அவற்றுக்கு இன்னும் நல்ல இடம் உண்டு. சிஸ்டம்டி பூட் ஆகும்போது எஃப்எஸ்டேப்பைப் படித்து, ஒவ்வொரு வரிக்கும் ஒரு மவுன்ட் அல்லது ஸ்வாப் யூனிட்டை 'ரன்' அடைவுக்குள் 'ஜெனரேட்டர்' என்ற துணை அடைவில் எழுதி வைக்கிறது. அசல் கோப்பு அழிந்தாலும் இவை இருக்கும். உடனே வேறிடத்துக்கு நகலெடுத்துவிடுங்கள். ஏனென்றால், கோப்பு மாறியதைக் கவனிக்கும் புதிய மவுன்ட் கட்டளை, 'டீமன்-ரீலோட்' செய்யுங்கள் என்று தானே யோசனை சொல்லும். அதைக் கேட்டால், பழைய வரிகள் இல்லாத கோப்பைப் படித்து எல்லா யூனிட்டும் புதிதாக எழுதப்படும், பழையவை மறைந்துவிடும்.

ஏற்கெனவே ரீபூட் ஆகிவிட்டதா? இஎக்ஸ்டி4 டிஸ்க் கைகொடுக்கும். கடைசியாக எந்த அடைவில் மவுன்ட் ஆனோம் என்பதை அது தன் சூப்பர்பிளாக்கிலேயே குறித்து வைத்திருக்கிறது. 'டம்ப்இ2எஃப்எஸ்' கட்டளை அதைக் காட்டும். ரூட் படிக்க மட்டும் திறந்திருந்தால், எழுதும் உரிமையோடு ரீமவுன்ட் செய்த பிறகே திருத்த முடியும்.

வரிகளைத் திரும்ப எழுதும்போது 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' போன்ற பெயர்களை நம்ப வேண்டாம். டிஸ்குகள் கண்டறியப்படும் வரிசை மாறினால் அவையும் மாறும். 'பிஎல்கேஐடி' கட்டளை தரும் யூயூஐடி எண்ணையே எழுதுங்கள். ரூட் தவிர்த்து, இல்லாமலும் சர்வர் பூட் ஆகக்கூடிய டிஸ்குகளுக்கு 'நோஃபெயில்' சேருங்கள். இல்லையேல் அந்த டிஸ்க் வராதபோது சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி நிலைக்குப் போய்விடும். 'ஃபைண்ட்எம்என்டி' கட்டளையின் 'வெரிஃபை' சோதனையில் பிழையில்லை என்று வந்த பிறகு ரீபூட் செய்யலாம்.