தொட்டிச் செடிக்கு நரை வந்த கதை
(மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)

மெக்கானிக்கல் படிக்கிறவன் ஆண்டு மலருக்கு எழுதினால் எஞ்சினைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைப்பீர்கள. நான் எழுதப்போவது பூச்சியைப் பற்றி! சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். நம்ம ஒர்க்ஷாப்பும், முதலாண்டு கெமிஸ்ட்ரியும் இதற்குள் வருகின்றன.

என் ஊர் மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம். கடலும் உப்பளமும் உள்ள பூமி. உப்புக்காற்று பட்டால் இலையின் ஓரம் கருகிவிடும். அதனால் அம்மா மணி பிளான்ட், குரோட்டன்ஸ், ஒரு செம்பருத்தி என்று எல்லாவற்றையும் பழைய பெயின்ட் டப்பாக்களில் வைத்து வீட்டுக்குள் ஜன்னலோரம் வளர்க்கிறார்.

போன கோடையில் ஒருநாள் அம்மா கூப்பிட்டார். “டேய், இங்க வந்து பாரு. செடிக்கு இன்னாடா நரை வந்துடுச்சி?”

பார்த்தால் செம்பருத்திக் கொழுந்தில் பஞ்சு ஒட்டியது மாதிரி வெள்ளை. அதுதான் மாவுப்பூச்சி. இலைக் கணுவில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். வெளியே விடும் இனிப்பான கழிவில் கரும்பூசணம் படரும். அந்த இனிப்புக்காக எறும்பு வரும். எறும்பு சும்மா வராது. பூச்சியின் எதிரிகளை விரட்டும், குஞ்சுகளை அடுத்த செடிக்கும் கொண்டு போகும். ஆக, தொட்டியில் எறும்பு வரிசை தெரிந்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள்.

முதலில் வெறும் தண்ணீர் அடித்தேன். பூச்சியின் மேல் இருப்பது மெழுகு. தண்ணீர் உருண்டு ஓடிவிட்டது. பிறகு வீட்டு போர் தண்ணீரில் சோப்பைக் கரைத்து அடித்தேன். நுரையே வரவில்லை, தயிர் மாதிரி திரிந்துபோனது. ஏன்? கடின நீர்! அதிலுள்ள கால்சியம், மெக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து கரையாத படிவமாகிவிடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பாடம், ஜன்னலோரத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்து நான் செய்தது முட்டாள்தனம். விவசாயம் செய்யும் சித்தப்பாவிடம் வயலுக்கு அடிக்கும் மருந்து கொஞ்சம் வாங்கி, காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி, ஜன்னல் மேடையில் வைத்தேன். சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த தங்கச்சி அதை எடுத்து மூடியைத் திறந்துவிட்டாள்! நாற்றம் தாங்காமல் ஆயா பார்த்துப் பிடுங்கினார்கள். பிழைத்தோம்.

அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. 2023 மே மாதம் எங்கள் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ‘பார்த்தா தண்ணி மாதிரிதான் இருக்கும்’ என்பது எங்களூரில் வெறும் பேச்சல்ல. ஆயா என்னைத் திட்டவில்லை. “செடி போனா வேற செடி வெக்கலாம்டா” என்று மட்டும் சொன்னார்கள். அது போதும்.

பிறகு விஷமில்லாமல் நான் செய்த முறை இது:

1. பூச்சி வந்த தொட்டியைத் தனியே வைக்கவும். மோசமான கொழுந்துகளை வெட்டி, பாலிதீன் பையில் கட்டி அப்புறப்படுத்தவும்.

2. பழைய டூத் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்து, கணுக்களில் இருப்பதைத் தேய்த்து எடுக்கவும்.

3. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் (மழைத் தண்ணீர் உத்தமம்) சீவிய காதி சோப் 5 கிராம் கரைத்து, 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு நன்றாகக் குலுக்கவும். ஒர்க்ஷாப்பில் லேத்தில் ஊற்றும் கூலன்ட் பால் மாதிரி இருக்குமே, அதே தத்துவம்தான்! எண்ணெயும் தண்ணீரும் தானாகச் சேராது. நடுவில் சோப் நின்று சேர்த்து வைக்கிறது.

4. முதலில் ஒரே ஒரு இலையில் அடித்து ஒருநாள் பார்க்கவும். கருகாவிட்டால், வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கவும். சோப் மேலே பட்ட பூச்சியைத்தான் கொல்லும். காய்ந்தபின் வேலை செய்யாது. முட்டைப் பஞ்சுக்குள் இருப்பது தப்பிவிடும். எனவே வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் விடாமல் அடிக்க வேண்டும்.

5. வெள்ளை ஈ இருந்தால், ஒரு தகரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, கிரீஸ் தடவிச் செடியருகே தொங்கவிடவும். மஞ்சளைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும்.

மருந்தே வேண்டாத வழியும் உண்டு. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி என்ற வெளிநாட்டுப் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் அதன் இயற்கை எதிரிகளான மூன்று வகைக் குட்டிக் குளவிகளை போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கித் தமிழகமெங்கும் விட்டது. அதில் ஒன்றின் பெயர் அசெரோபேகஸ் பப்பாயே. எறும்பை விடச் சிறிய இந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிடும். பூச்சி அடங்கியது. கண்டபடி விஷம் அடித்தால் முதலில் சாவது இந்த நண்பர்கள்தான்.

மாவுப்பூச்சிக் கூட்டத்தில் பெரிதாக, வெள்ளை இழைகளோடு வேகமாக ஊரும் புழு ஒன்று தெரிந்தால் நசுக்கிவிடாதீர்கள். அது ஆஸ்திரேலியப் பொறிவண்டின் குஞ்சாக இருக்கலாம். மாவுப்பூச்சிதான் அதற்குச் சாப்பாடு!

நான்காவது வாரம் செம்பருத்தி புதுக் கொழுந்து விட்டது. முதல் பூவைத் தங்கச்சிதான் பறித்தாள்.

நண்பர்களே, செடி வளர்க்காதவர்களும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பூச்சிமருந்தோ, பேட்டரி ஆசிட்டோ, தின்னரோ, எதையும் குடிக்கிற பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஒர்க்ஷாப்பில் ‘சேஃப்டி ஃபர்ஸ்ட்’ என்று எழுதியிருக்கிறதே, அது வீட்டு ஜன்னலுக்கும் பொருந்தும்!