விசில் வராத குக்கர்

ஓவன் வாங்கினால்தான் கேக் சுடலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் வீடுகளிலும் ஒரு குக்கர் இருக்கும். மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றி, தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றினால் அந்தக் குக்கரே ஓவன்தான். செய்முறை பலருக்கும் தெரியும். "ஏன் கழற்றணும், ஏன் தண்ணி வேண்டாம்?" என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டால் காரணமும் சொல்லத் தெரிந்திருப்பது நல்லது.

குக்கரின் மூலப் பாத்திரம் எலும்பை மெத்தென்று வேகவைப்பதற்காக உருவானது. பிரான்ஸில் பிறந்த டெனிஸ் பாப்பின் 1679-இல் லண்டனில் அதைச் செய்து காட்டினார். இறுக மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியேற முடியாமல் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். நம் வீட்டுக் குக்கரில் விசில் அடிக்கும் நேரத்தில் உள்ளே கிட்டத்தட்ட 120 டிகிரி செல்சியஸ். பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க பாப்பின் ஒரு பாதுகாப்பு வால்வும் வைத்தார். நாம் தலையில் பொருத்தும் வெயிட்டுக்கு அதுதான் முன்னோடி.

துவரம்பருப்பு குழைய அந்தச் சூடு தாராளம். கேக்குக்கு அது சரிப்படாது. பொன்னிறத் தோலும், சுடும்போது தெருவரைக்கும் வரும் மணமும் மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் கடும் சூட்டில் கலந்து மாறுவதால் வருபவை. அந்த மாற்றம் வேகம் பிடிக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும், மேற்பரப்பும் காய்ந்திருக்க வேண்டும். ஆவி சூழ்ந்திருந்தால் இரண்டுமே நடக்காது. தண்ணீர் ஊற்றி வேகவைத்த கேக் இட்லி மாதிரி வெளுப்பாக இருப்பது அதனால்தான். எனவே வெயிட்டை எடுத்து ஆவி போக வழி விடுகிறோம். ரப்பர் கேஸ்கட் வறண்ட சூட்டில் கெட்டுப்போகும் என்பதால் அதையும் எடுத்துவிடுகிறோம். மூடி மட்டும் இருக்கும், அழுத்தம் இருக்காது.

அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு மணலோ உப்போ பரப்புவது வழக்கம். தள்ளுவண்டிக்காரர் மணலில் கடலை வறுப்பதும் இதே கணக்கில்தான். மணல் மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுப்பின் தீ நேராக ஒரே இடத்தில் தாக்காமல் பரப்பிவிடும். கல் உப்பு போட்டால் முதலில் படபடவென்று சத்தம் கேட்கும். கல்லுக்குள் சிக்கியிருக்கும் துளி ஈரம் ஆவியாகி உடைத்துக்கொண்டு வருகிற சத்தம் அது, பயப்பட வேண்டாம். மணலின் மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடேற்றிய பிறகே கேக் பாத்திரத்தை உள்ளே இறக்க வேண்டும். வெறும் குக்கரைச் சூடேற்றாதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வது சரியான எச்சரிக்கை. இதற்கென்று கனமான பழைய குக்கர் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். புதுசைத் தொடவே வேண்டாம்.

குழந்தைகளோடு முதன்முதலில் செய்ய ரவை கேக்கைத்தான் நான் சொல்வேன். மைதாவை அதிகம் கலக்கினால் அதிலுள்ள புரதம் இழையாக இறுகி, கேக் ரப்பர் போல ஆகிவிடும். ரவை பெருந்துகள், அவ்வளவு சுலபத்தில் இறுகாது. சின்னக் கைகள் ஆசைதீரக் கலக்கட்டும். ஒன்றரைக் கப் ரவை, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தயிர், அரை கப் பால், கால் கப் எண்ணெய். கலந்து இருபது நிமிடம் ஊறவிட்டால் ரவை ஈரத்தைக் குடித்துப் பருத்து, கரண்டியில் எடுத்தால் கட்டியாக நின்று மெல்ல வழியும்.

ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் கடைசியில்தான். தயிரின் புளிப்பு பட்ட அந்தக் கணமே சோடா கரியமில வாயுவை விடத் தொடங்கும். மாவின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் எழுவதைப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். காட்டிவிட்டு உடனே பாத்திரத்தில் ஊற்றிவிடுங்கள், காத்திருந்தால் வாயு வீணாகும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு அமிலப் பொடியும், ஈரம் சேராமல் தடுக்க மாவுச்சத்தும் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆல்பிரட் பேர்ட் 1843-இல் அதை உருவாக்கியது தன் மனைவிக்காக. அவருக்கு ஈஸ்ட்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாது. முட்டையில்லாமல் கேக் செய்யும் ஒவ்வொரு வீடும் அந்தத் தம்பதிக்குக் கடன்பட்டிருக்கிறது.

மிதமான தீயில் முப்பத்தைந்து முதல் நாற்பத்தைந்து நிமிடம். முதல் அரைமணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது, இதில் கண்டிப்பாக இருங்கள். குமிழ்கள் சூட்டில் விரிந்து நிற்கின்றன, அவற்றைச் சுற்றியுள்ள மாவு இன்னும் வெந்து கெட்டிப்படவில்லை. குளிர்ந்த காற்று பட்டால் குமிழ் சுருங்கும், நடு அமுங்கிவிடும். நேரமானதும் சுத்தமான ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

மேல்பக்கம் வெளிறி இருந்தால் வேகவில்லை என்று நினைத்து இன்னும் அடுப்பில் வைக்காதீர்கள், அடி கருகிவிடும். ஓவனில் மேலிருந்தும் சூடு இறங்கும், குக்கரில் கீழிருந்துதான் வருகிறது. கேக்கைக் கவிழ்த்துப் போட்டால் சிவந்த பக்கம் மேலே வந்துவிடும், பரிமாறவும் அதுவே அழகு. அரைமணி நேரமாவது ஆறட்டும். சூட்டோடு வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு உதிரும், ஆறினால் மாவுச்சத்து இறுகித் துண்டு துண்டாக நறுவிசாக வரும். ஆறிய மணலை ஒரு டப்பாவில் கொட்டி "கேக் மணல்" என்று எழுதி வையுங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகும்.