ஒயரைக் காக்கும் ஃபியூஸ், ஆளைக் காக்காது

மழையும் உப்புக் காற்றும் மின் இணைப்புகளை அரிக்கும் அந்தமானில், டேப் சுற்றுவது வைத்தியமாகாது

அந்தமானின் குட்வில் எஸ்டேட் போன்ற குடியிருப்புகளில் மே மாதம் பிடிக்கும் மழை டிசம்பர் வரை எளிதில் விடுவதில்லை. தீவுகளின் ஆண்டு மழையளவு சுமார் 3,000 மி.மீ.; சென்னையைப் போல இரு மடங்கு. காற்றிலோ எப்போதும் ஈரமும் கடல் உப்பும். எலி கடித்த ஒயருக்கும் வெயிலில் வெடித்த ஒயருக்கும் வீடுகளில் நடக்கும் வைத்தியம் ஒன்றுதான்: இன்சுலேஷன் டேப்.

ஈரத்தில் டேப்பின் பசை விட்டுப்போகும். உள்ளே புகும் உப்புநீர் செம்பைப் பச்சை பிடிக்க வைக்கும். அரித்த இணைப்பில் மின்தடை கூடி, அந்த இடம் சூடேறும். பலகை வீட்டில் தீப்பிடிக்க அது போதும். உறை பிய்ந்த ஒயர் தகரக் கூரையில் உரசினாலோ, கூரை முழுவதும் மின்சாரம் பரவும். கூரையில் கட்டிய துணிக்கொடிக் கம்பியும் தப்பாது.

'ஃபியூஸ் இருக்கிறதே' என்ற தைரியம்தான் ஆபத்து. 5 ஆம்பியர் ஃபியூஸ் அறுந்துபோக, 5,000 மில்லி ஆம்பியருக்கும் அதிகமாக மின்சாரம் பாய வேண்டும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்கச் சில பத்து மில்லி ஆம்பியரே போதும். எம்.சி.பி.யும் இந்த வகையில் ஃபியூஸ் மாதிரிதான். ஆளைக் காப்பது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். நாட்டில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறப்பதாகச் சொல்கின்றன தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கணக்குகள்.

தீவில் இன்னொரு சிக்கலும் உண்டு. இங்குள்ள மின்சாரம் நாட்டின் மின்தொகுப்போடு இணையாதது. பெரும்பகுதி டீசல் ஜெனரேட்டர்களில் உற்பத்தியாவது. 'கரண்ட்தான் இல்லையே' என்று மின்வெட்டு நேரத்தில் ஒயரில் கை வைப்பவருக்கு, அது எந்த நொடி திரும்பும் என்று தெரியாது.

பழுது கண்டால்...

* மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும். மெயின் போர்டே நனைந்திருந்தால் கிட்டே போகாமல் மின்துறைக்குச் சொல்லுங்கள்.

* சுவரிலோ கூரையிலோ 'சுரீர்' என்றால் மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள்.

* பழுதான ஒயரை, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள். எர்த் இணைப்பையும் இன்சுலேஷனையும் அவர் மெகர் போன்ற கருவிகளால் சோதிக்கட்டும்.

* 2004 சுனாமியில் நேர்ந்ததுபோல் கடல்நீர் புகுந்த வீட்டில், நனைந்த ஒயரையும் சுவிட்சுகளையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது.

* ஷாக் அடித்தவரை வெறுங்கையால் இழுக்காதீர்கள். முதலில் மெயின், முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்குங்கள். மூச்சும் நாடியும் இல்லையென்றால், உதவி வரும்வரை நெஞ்சை அழுத்தி முதலுதவி தர வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யின் விலை கிட்டத்தட்ட ஒரு சீலிங் ஃபேனின் விலைதான். அடுத்த மழைக்கு முன் வாங்கிப் பொருத்த வேண்டியது அதைத்தான்.