பிஸ்டல் வாங்க போறீங்களா? லைசென்சு கிடைத்ததும் அவசரப்படாதீங்க! பில் போடும் முன் பார்க்க வேண்டியவை

திருச்சி:

கலெக்டர் ஆபீசுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடந்து ஒரு வழியாக லைசென்சு வாங்கி விட்டார். அடுத்து நேராக துப்பாக்கி கடை. "அண்ணே, இருக்கிறதுலயே கம்மி விலையில ஒரு பிஸ்டல் காட்டுங்க." பைனான்சு தொழில் செய்பவர், நகைக்கடைக்காரர், எஸ்டேட் முதலாளி என்று யார் வந்தாலும் முதல் கேள்வி இதுதான்.

விலை கேட்பது தப்பில்லை. ஆனால் பிஸ்டல் விஷயத்தில் கடையில் கொடுக்கும் பணத்தோடு செலவு முடியாது. சினிமாவில் பார்த்ததை மனதில் வைத்துக் கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

9 எம்.எம். கேட்காதீங்க

சினிமா போலீஸ் வைத்திருக்கும் 9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்கு கிடையாது. அது போலீசும் ராணுவமும் பயன்படுத்தும் தோட்டாவை சுடுவது. சட்டத்தில் அது 'தடை செய்யப்பட்ட போர்' பட்டியலில் இருக்கிறது. அதற்கு மாவட்ட அளவில் லைசென்சு தர முடியாது, மத்திய உள்துறை வரை போக வேண்டும். லைசென்சு இல்லாமல் இந்த ரகத்தோடு பிடிபட்டால் குறைந்தது 7 ஆண்டு ஜெயில், 14 ஆண்டு வரை போகலாம்.

சாதாரண ஆளுக்கு மாவட்டத்தில் கலெக்டரும், சென்னை போன்ற மாநகரில் போலீஸ் கமிஷனரும் கொடுக்கும் லைசென்சில் வாங்கக்கூடியது பெரும்பாலும் பாயிண்ட் 32 போர்தான். பாயிண்ட் 25, பாயிண்ட் 22 ரகங்களும் உண்டு.

வெளிநாட்டு பிஸ்டல் ஆசை இருந்தால் அதையும் மறந்து விடுங்கள். 1980களின் நடுவில் இருந்து பொதுமக்கள் சொந்த உபயோகத்துக்கு துப்பாக்கி இறக்குமதி செய்ய வழி அடைக்கப்பட்டு விட்டது. பெரிய போட்டிகளில் கலந்து கொள்ளும் வீரர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அதனால்தான் தாத்தா காலத்து பெல்ஜியம், ஜெர்மனி பிஸ்டலுக்கு இங்கே பல லட்சம் கேட்கிறார்கள். இரும்பின் விலை அல்ல அது, கிடைக்காத பொருளுக்கு வைக்கிற விலை.

அப்போ கையில் என்ன மிஞ்சுகிறது?

பட்ஜெட்டுக்குள் புது பிஸ்டல் என்றால் முக்கியமாக அரசு தொழிற்சாலை தயாரிக்கும் பாயிண்ட் 32 'அஷானி'தான். கொல்கத்தா பக்கம் இருந்து வருகிறது. மேகசினில் 8 தோட்டா போகும். நம்ம திருச்சி துப்பாக்கி தொழிற்சாலைக்கு போய் வாங்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அங்கே பேர் பெற்றது 'டார்' எனப்படும் திருச்சி அசால்ட் ரைபிள். அது படைகளுக்கு போவது, நமக்கு இல்லை. 2021 அக்டோபரில் படைக்கல தொழிற்சாலை வாரியத்தை 7 கம்பெனிகளாக பிரித்த பிறகு, திருச்சி, கான்பூர், இஷாப்பூர் தொழிற்சாலைகள் எல்லாம் கான்பூரை தலைமையிடமாக கொண்ட ஒரே அரசு கம்பெனியின் கீழ் வந்து விட்டன.

பிஸ்டல்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை என்றால் ரிவால்வரில் வகைகள் அதிகம். கான்பூர் பாயிண்ட் 32 ரிவால்வர் பழைய நம்பிக்கையான சரக்கு, 6 தோட்டா. 2014-ல் பெண்களுக்கு என்று விளம்பரப்படுத்தி 'நிர்பீக்' வந்தது, சுமார் அரை கிலோ எடை. அப்போதே விலை ரூ.1 லட்சத்து 22 ஆயிரத்து 360. 2023 ஆகஸ்டில் 'பிரபல்' வந்தது. மற்ற ரிவால்வர்களுக்கு 20 மீட்டர் என்றால் இதற்கு 50 மீட்டர் என்கிறார்கள். தற்காப்புக்கு வாங்குகிறவருக்கு 50 மீட்டர் எதற்கு என்பது நம்ம கேள்வி. 50 மீட்டர் தள்ளி நிற்பவனை சுட்டு விட்டு தற்காப்பு என்று கோர்ட்டில் சொன்னால் எடுபடுமா?

இருப்பதிலேயே விலை குறைந்தது 'நிடர்'. பாயிண்ட் 22 ரிவால்வர், எடை வெறும் 250 கிராம், 8 தோட்டா.

வரிதான் பெரிய அடி

இது பலருக்கு தெரியாது. பிஸ்டல், ரிவால்வருக்கு முன்பு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் 40 சதவீதம். பான் மசாலா, சொகுசு கார் வரிசையில் கைத்துப்பாக்கியையும் சேர்த்து விட்டார்கள். தொழிற்சாலை விலை ரூ.1 லட்சம் என்று வைத்துக் கொண்டால், முன்பு ரூ.1 லட்சத்து 28 ஆயிரத்துக்கு வந்திருக்கும். இப்போது ரூ.1 லட்சத்து 40 ஆயிரம். யாராவது பழைய விலைப்பட்டியலை காட்டி பேசினால் வரியோடு சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு விடுங்கள்.

இதற்கு மேல் தோட்டா, கூடுதல் மேகசின், உறை, பூட்டு போட்ட இரும்பு பெட்டி, பயிற்சி செலவு. எல்லாம் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். கையில் இருக்கும் பணத்தை முழுசாக பிஸ்டலுக்கே கொட்டி விட்டு, பயிற்சிக்கு தோட்டா வாங்க யோசிப்பவர் கையில் அந்த பிஸ்டல் இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

ஒரே 32, ஆனால் வேற தோட்டா!

கடையில் நடக்கும் பெரிய குழப்பம் இது. பிஸ்டலும் பாயிண்ட் 32, ரிவால்வரும் பாயிண்ட் 32 என்பதால் தோட்டாவும் ஒன்று என்று நினைக்கிறார்கள். கிடையாது. பிஸ்டல் தோட்டா குட்டை, ரிவால்வர் தோட்டா நீளம், அடியில் விளிம்பும் அகலம். ஒன்றை மற்றதில் போட்டு பார்க்கும் விளையாட்டே கூடாது. பில் போடும்போது பெட்டியை திறந்து பார்த்து வாங்குங்கள்.

பிஸ்டலா, ரிவால்வரா?

பிஸ்டல் தட்டையாக இருக்கும், இடுப்பில் தெரியாது. ஆனால் முதல் தோட்டாவை ஏற்ற மேலே உள்ள ஸ்லைடை பின்னால் இழுத்து விட வேண்டும். அதற்கு கையில் தெம்பு வேண்டும். வயதானவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் கடையிலேயே நாலு தடவை இழுத்து பார்க்கட்டும். பெட்டியில் இருந்து எடுத்ததுமே அது சிரமம் என்றால், பதற்றத்தில் சுத்தமாக வராது.

தோட்டா வெடிக்காமல் போனால் ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடை இழுத்து பழைய தோட்டாவை தள்ள வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே எடுப்பவருக்கு ரிவால்வரே மேல் என்பது என் கணக்கு. மாசம் ஒரு தடவையாவது ரைபிள் கிளப் போய் சுட்டு பழகுகிறேன் என்பவர் பிஸ்டல் வாங்கலாம்.

விபத்துக்கு காரணமும் பிஸ்டலில் ஒன்று உண்டு. மேகசினை கழற்றி விட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பார்கள். ஆனால் குழாயின் பின்னால் ஒரு தோட்டா ஏற்கனவே ஏறி உட்கார்ந்திருக்கும். அதை மறந்து விசையை அழுத்தினால் வெடிக்கும். துடைக்கும்போது வெடித்தது, பிள்ளை எடுத்து விளையாடும்போது வெடித்தது என்று வரும் செய்திகளில் பல இப்படி நடப்பவைதான். மேகசினை கழற்றுங்கள், அப்புறம் ஸ்லைடை இழுத்து உள்ளே கண்ணால் பாருங்கள். இந்த வரிசையை மாற்றி செய்தால் மேகசினில் இருந்து புது தோட்டா ஏறி விடும். ஜாக்கிரதை!

கடையில் பார்க்க வேண்டியது

புது சரக்கு என்றாலும் ஒரே மாடலில் ஒன்று வழுக்கிக் கொண்டு ஓடும், இன்னொன்று கரகரக்கும். இரண்டு மூன்றை எடுத்து காட்ட சொல்லுங்கள். மேகசின் பட்டனை அழுத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும், உள்ளே போட்டால் 'டிக்' என்று பிடிக்க வேண்டும். மேகசினின் மேல் விளிம்பு வளைந்திருந்தால் தோட்டா சிக்கும். பிஸ்டலில் பொறித்த நம்பரும், பில்லில் எழுதிய நம்பரும், லைசென்சில் ஏறும் நம்பரும் ஒன்றா என்று ஒவ்வொரு எழுத்தாக பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் புதுப்பிக்கும்போது அலைய விடுவார்கள்.

வாங்க வேண்டிய கெடு லைசென்சிலேயே இருக்கும். வாங்கியதும் லைசென்சு கொடுத்த ஆபீசில் காட்டி பதிவு செய்ய வேண்டும். 2019 சட்ட திருத்தத்துக்கு பிறகு ஒருவர் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு 3. அப்பா விட்டுச் சென்ற இரட்டைக்குழல், ரைபிள் இரண்டும் உங்கள் பேரில் இருந்தால் ஒன்றை ஒப்படைத்த பிறகுதான் பிஸ்டல். லைசென்சு காலம் 3 ஆண்டில் இருந்து 5 ஆண்டாக கூடியது மட்டும் சவுகரியம்.

காட்டுப்பன்றி தொல்லைக்கு பிஸ்டல் கேட்கும் விவசாயிகளும் உண்டு. அதற்கு இது உதவவே உதவாது. பன்றியை சுட வனத்துறை அனுமதி தனியாக வேண்டும் என்பது வேறு கதை.

"பாதி விலைக்கு தரேன்" என்று யாராவது காதில் ஓதினால் பக்கத்தில் கூட போகாதீங்க. அது கள்ளத்துப்பாக்கி. சுடும்போது குழாய் வெடித்து சொந்த கையே போகலாம். லைசென்சு இல்லாத சாதாரண ரக துப்பாக்கிக்கே குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை ஜெயில். லைசென்சு இருக்கிறதே என்று கல்யாண வீட்டில் வானத்தை பார்த்து சுட்டாலும் கம்பிதான். ஆபத்து ஏற்படுத்தும்படி சுட்டால் 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க சொல்வார்கள். கொடுக்கும்போது தோட்டா எண்ணிக்கையும் எழுதி ரசீது வாங்கிக் கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது மேகசின் இரண்டும் இருக்கிறதா என்று அங்கேயே எண்ணி விட்டு வாங்க.