‘சொறி’ என்றால் மன்னிப்பா, வருத்தமா?

அப்பா காலமானபோது என்னோடு வேலை செய்த ஆங்கிலேயர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, “ஐ ஆம் சோ சொறி” என்றார். அவர் போன பிறகு அம்மா என்னைக் கேட்டார்: “அந்த மனுசன் என்ன பிழை விட்டவர்? ஏன் எங்களிட்ட மன்னிப்புக் கேட்கிறார்?”

அம்மாவின் கேள்வி நியாயமானது. ‘சொறி’யை நாம் பெரும்பாலும் மன்னிப்புக் கேட்கும் சொல்லாகவே கடன் வாங்கியிருக்கிறோம். ஆனால் ஆங்கிலத்தில் அதன் வேர் குற்றம் அல்ல, வலி. புண், நோவு என்று பொருள்படும் ‘சோர்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. ஆகவே சாவீட்டில் ‘சொறி’ என்பவர் “உங்கள் துயரில் எனக்கும் வலிக்கிறது” என்றே சொல்கிறார்.

பேச்சு வழக்கில் இச்சொல்லுக்கு வேறு வேலைகளும் உண்டு. கேள்வித் தொனியில் சொன்னால், “என்ன சொன்னீர்கள்? விளங்கவில்லை” என்று பொருள். “சொறி, எனக்கு அதில் உடன்பாடில்லை” என்பதில் மன்னிப்பே இல்லை; மறுப்புக்கு முன்வரும் மரியாதை மட்டும்தான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பரிதாபமான, கேவலமான என்று பொருள் மாறிவிடும். இங்கிலாந்துப் பேருந்தில் இடித்தவரும் சொறி சொல்வார், இடிபட்டவரும் சொல்வார்.

இந்த இரட்டைப் பொருள் ஒருமுறை இரண்டு வல்லரசுகளுக்குக் கைகொடுத்தது. 2001 ஏப்ரல் 1ஆம் திகதி, ஹைனான் தீவுக்கு அருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி வாங் வெய் உயிரிழந்தார். ஹைனானில் தரையிறங்கிய அமெரிக்க விமானத்தின் 24 பேரைச் சீனா தடுத்துவைத்து, மன்னிப்புக் கோரியது. பத்து நாட்களின் பின் அமெரிக்கா கையளித்த கடிதத்தில் ‘வெரி சொறி’ என்பது இரண்டு இடங்களில் இருந்தது. அது வருத்தம் மட்டுமே என்றது அமெரிக்கா. மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்று தன் மக்களுக்குச் சொன்னது சீனா. 24 பேரும் வீடு திரும்பினர்.

அவுஸ்திரேலியாவில் கதை வேறு. பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகள் தொடர்பாக 1999இல் பிரதமர் ஜோன் ஹவார்ட் நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்புக் கேட்க மறுத்தார். பாதிக்கப்பட்டவர்கள் அதை ஏற்கவில்லை. 2008 பெப்ரவரி 13ஆம் திகதி, பிரதமர் கெவின் ரட் சட்டங்களாலும் கொள்கைகளாலும் இழைக்கப்பட்ட அநீதியைச் சொல்லி, அதற்காக ‘சொறி’ என்றார். அதைக் கேட்டு முதியவர்கள் அழுதார்கள்.

தமிழில் ‘வருந்துகிறேன்’ வேறு, ‘மன்னியுங்கள்’ வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் போதும் என்பதால், பொறுப்பைத் தட்டிக்கழிக்க விரும்புகிறவர் அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். அதனால் ஒருவர் ‘சொறி’ என்றால், தான் செய்ததைச் சேர்த்துச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். சொன்னால் அது மன்னிப்பு. சொல்லாவிட்டால் வருத்தம் மட்டுமே.

அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “அவருக்கும் கவலையாம், அம்மா” என்றேன். “அப்ப சரி” என்றார்.