ஐ.ரி. சப்போர்ட் செய்தவர்கள் கிளவுட் வேலைக்குப் போவது எப்படி?

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ ஒரு கொம்பனியில் கணினி திருத்தி, பிரின்ரர் பூட்டி, மறந்துபோன பாஸ்வேட்டை மாற்றிக் கொடுத்து வேலை செய்தவர்கள் பலர் இப்போது கனடாவில் அகதிக் கோரிக்கையாளராக இருக்கிறார்கள். எங்களிடம் வரும்போது அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான். "அக்கா, கிளவுட் படிச்சால் நல்ல சம்பளமாம். ஒரு இடத்தில கோர்ஸ் இருக்கு, காசு கட்டட்டோ?" காசு கட்ட முதல் இந்தக் கட்டுரையைக் கடைசிவரை ஒருக்கால் வாசியுங்கள்.

முதலில் வேலை அனுமதி. மருத்துவப் பரிசோதனை முடிந்து, உங்கள் கோரிக்கை விசாரணைக்கு அனுப்பத் தகுதியானது என்று தீர்மானித்த பிறகே அது கிடைக்கும். கோரிக்கையாளருக்கு இதற்குக் கட்டணம் இல்லை. இது திறந்த அனுமதி. அதாவது ஒரு குறிப்பிட்ட முதலாளியிடம்தான் நிற்க வேண்டும் என்றில்லை. அதன்பின் சின் இலக்கம் எடுக்கலாம். உங்களுடையது 9 இல் தொடங்கும், அதற்கு முடிவுத் திகதியும் இருக்கும். படிப்பைப் பொறுத்தவரை, 6 மாதம் அல்லது அதற்குக் குறைந்த கோர்ஸ் என்றால் படிப்பு அனுமதி தேவையில்லை. அதைவிட நீளமானதென்றால் முதலில் அனுமதி எடுக்க வேண்டும். கோர்ஸ் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

சரி, கிளவுட் என்றால் என்ன? பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில் வசதியானவர்கள் ஜெனரேற்றர் வைத்திருந்தார்கள், மற்றவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். பிறகு கம்பியில் கரண்ட் வந்தது, மீற்றர் பார்த்துக் காசு கட்டினோம். கொம்பனிகளும் முன்பு தங்கடை கட்டடத்துக்குள் ஏசி போட்ட அறையில் சொந்த சேவர் வைத்திருந்தன. 2006 இல் அமேசன் தன் கணினிகளையும் சேமிப்பிடத்தையும் பாவித்த அளவுக்கு வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. மைக்ரோசொப்ட் அசூர் 2010 இல் வந்தது. கூகிளும் செய்கிறது. அந்த 'மேகம்' வானத்தில் இல்லை. அமேசனின் கனேடிய நிலையங்கள் மொன்றியல் பக்கமும் கல்கரி பக்கமும் இருக்கின்றன.

ஜெனரேற்றர் போனாலும் வயரிங் தெரிந்தவருக்கு வேலை போகவில்லை. உங்கடை கதையும் அதுதான். முன்பு ஆட்களுக்குக் கணக்குத் திறந்து, யார் எந்த ஃபோல்டரைப் பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்தீர்கள். கிளவுட்டில் வேலையின் பெரும்பகுதி அதே அனுமதி விடயம்தான். சுவிச்சும் ஃபயர்வோலும் பார்த்தவருக்கு அங்கேயும் நெற்வேர்க் பிரிப்பதும் எந்தப் போர்ட்டைத் திறப்பது, மூடுவது என்பதும் இருக்கின்றன. இரவில் பக்கப் எடுத்தவர் அங்கே ஸ்நாப்ஷொட் எடுப்பார். பெட்டியைக் கையால் தொட ஏலாது, அவ்வளவுதான் புதுசு.

நேர்முகத்தில் அடிக்கடி வரும் ஒரு கேள்வியைப் பாருங்கள்: "எங்கள் இணையத்தளம் திறக்கவில்லை. என்ன செய்வீர்கள்?" புத்தகம் மட்டும் படித்தவர் இந்த இடத்தில் தடுமாறுவார். ஹெல்ப் டெஸ்கில் இருந்தவருக்கு இது தினசரி அலுவல். எல்லோருக்கும் திறக்கவில்லையா, ஒருவருக்கு மட்டுமா என்று முதலில் கேட்பார். பெயரைக் கொடுத்தால் சரியான ஐ.பி. இலக்கம் வருகிறதா என்று டி.என்.எஸ்.ஐப் பார்ப்பார். பிறகு 443 ஆம் போர்ட் திறந்திருக்கிறதா, சேவருக்குள் அந்தச் சேவை ஓடுகிறதா, டிஸ்க் நிரம்பிவிட்டதா, சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, நேற்று யாராவது எதையாவது மாற்றினார்களா என்று ஒவ்வொன்றாகப் போவார். இந்த ஒழுங்கில் யோசிப்பதை எந்த கோர்ஸும் ஒரு மாதத்தில் தராது. உங்களிடம் அது இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். கண்ணாடிக்கு முன் நின்று சொன்னாலும் பரவாயில்லை. நான் படிப்பித்த பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொன்னேன்.

படிக்கும் ஒழுங்கு

நெற்வேர்க் அடிப்படையும் லினக்ஸும் முதலில் வரவேண்டும். கிளவுட் சேவர்களில் பெரும்பாலானவை லினக்ஸில்தான் ஓடுகின்றன. விண்டோஸ் மட்டும் தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் பாய நினைக்கிறார்கள், பிறகு அந்தரப்படுகிறார்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் வேர்ச்சுவல்பொக்ஸ் போட்டு, அதற்குள் லினக்ஸ் நிறுவி, இரண்டு மூன்று மாதம் உடைத்துத் திருத்துங்கள். இதற்குக் காசு செலவில்லை. அதன்பிறகு அமேசன் அல்லது அசூர், இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். முன்பு மைக்ரோசொப்ட் அலுவலகங்களில் வேலை செய்தவருக்கு அசூர் லேசு. கொஞ்சம் பைதன் அல்லது பவர்ஷெல், பிறகு ரெராஃபோம். சேவரைக் கையால் உருவாக்காமல் எழுதி உருவாக்கும் முறை அது.

பாடங்களுக்குக் காசு தேவையில்லை. மைக்ரோசொப்ட் லேர்ன் இலவசம். அமேசனின் ஸ்கில் பில்டரிலும் பெரும்பகுதி இலவசம். ரொறன்ரோவில் வசிப்பவருக்குப் பொது நூலக அட்டை இலவசம், அங்கே கணினியும் பாவிக்கலாம். பரீட்சைக்குத்தான் காசு. அமேசனின் ஆரம்பப் பரீட்சை 100 அமெரிக்க டொலர், அடுத்த படியான சொலூஷன்ஸ் ஆர்க்கிரெக்ற் அசோசியேற் 150. அனுபவம் உள்ளவர் ஆரம்பப் பரீட்சையை விட்டு நேரே இரண்டாவதுக்குப் போகலாம் என்பது என் அபிப்பிராயம். சான்றிதழ் 3 வருடத்துக்குத்தான் செல்லும். ஆகவே வேலை தேடத் தயாராகும்போது எழுதுங்கள், இப்போதே எழுதிப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

பழகும்போது பில் வரும், கவனம். சேவரை நிறுத்த மறந்தால் மீற்றர் ஓடிக்கொண்டே இருக்கும். நற் கேற்வே என்று ஒன்று உண்டு. அதைச் சும்மா விட்டாலே மாதம் 30 அமெரிக்க டொலருக்கு மேல் போகும். 2025 ஜூலையிலிருந்து அமேசன் புதுக் கணக்குக்கு இலவசத் திட்டம் ஒன்று தருகிறது. 6 மாதம் அல்லது தந்த கிரெடிற் முடியும்வரை செல்லும், அதற்குள் கார்ட்டில் காசு எடுக்காது. கணக்குத் திறக்கும்போது அதையே தெரிவு செய்யுங்கள். கணக்கின் திறவுகோல் இலக்கங்களைக் கிற்ஹப்பில் தவறியும் போட வேண்டாம். அவற்றைத் தேடித் திரிகிற கள்ளர்கள் இருக்கிறார்கள், உங்கள் பெயரில் நூறு சேவர் ஓடும்.

பொய் ரெசுமே

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். சில பயிற்சி நிலையங்கள் ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு, "5 வருட அனுபவம்" என்று ரெசுமேயைத் தாங்களே எழுதித் தருகின்றன. நீங்கள் கேள்விப்படாத கொம்பனிகளில் நீங்கள் வேலை செய்ததாக இருக்கும். மற்றவர்கள் பிடிபட்டால் வேலை போகும். உங்களுக்கு அதைவிடப் பெரியது போகலாம்.

உங்கள் கோரிக்கையோடு கொடுத்த படிவங்களில் கடந்த 10 வருடம் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று இடைவெளி இல்லாமல் எழுதியிருப்பீர்கள். 2019 முதல் 2021 வரை வவுனியாவில் மாமாவின் கடையில் ஒளித்து நின்றதாக அதில் இருக்கிறது என்று வைப்போம். அதே காலத்தில் பெங்களூரில் கிளவுட் வேலை செய்ததாக லிங்க்டினில் இருக்கிறது. விசாரணையில் இந்தப் பக்கத்தை உங்கள் முன் வைத்தால் எதைப் பொய் என்று சொல்வீர்கள்? அங்கே உங்கள் சொல்லின் நம்பகத்தன்மைதான் எல்லாம். "அது சும்மா வேலைக்காக எழுதினது" என்று சொன்னால், வேண்டிய இடத்தில் பொய் சொல்வேன் என்று நீங்களே ஒத்துக்கொண்டதாகிவிடும். ஏற்கெனவே அப்படி ஒன்று இணையத்தில் கிடந்தால், அழிக்க முதல் உங்கள் லோயரிடம் சொல்லுங்கள்.

உண்மையானதாக இருந்தாலும் லிங்க்டினில் படத்தையும் ஊரையும் போடுவது பற்றி யோசியுங்கள். யாருக்குப் பயந்து வந்தீர்களோ அவர்களும் பார்க்கலாம், ஊரில் அம்மா அப்பா இருக்கிறார்கள். படம் இல்லாமலும், பொதுவில் தெரியாதபடியும் கணக்கு வைக்கலாம்.

பொய் எழுதாமல் என்ன காட்டுவது? சின்னதாக ஒரு வேலை செய்து காட்டுங்கள். ஒரு இணையப் பக்கம், அதற்கு ஒரு சேவர், தினமும் பக்கப், சேவை நின்றால் ஈமெயில் வரும் ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் ரெராஃபோமில் எழுதி, ஒருமுறை முழுவதும் அழித்து, திரும்ப உருவாக்கிப் பாருங்கள். எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினீர்கள் என்று ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வையுங்கள். நேர்முகத்தில் கதைக்க அதுவே போதும்.

"ஆறு மாதத்தில் கிளவுட் இன்ஜினியர்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். பழைய அனுபவம் உள்ளவருக்கே ஒன்றிரண்டு வருடம் எடுக்கும், ஆரம்ப வேலைகளுக்கு இப்போது போட்டியும் கூட. முதலில் இங்கே ஒரு ஹெல்ப் டெஸ்க் வேலை கிடைத்தால் அதைக் குறைவாக நினைக்காமல் பிடியுங்கள். உள்ளே போனபின் கிளவுட் ஆட்களோடு பழகி, அவர்களின் சின்ன அலுவல்களைக் கேட்டு வாங்கிச் செய்து மேலே போனவர்கள் கன பேர்.

ரெசுமேயை எங்கும் அனுப்ப முதல், கோரிக்கைப் படிவங்களின் பிரதியையும் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் திகதிகளைச் சேர்ந்து பார்ப்போம். இதற்குக் கட்டணம் இல்லை.